தரையில் இரண்டு தட்டு

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று நம் மாணவர் பேரவைச் செயலாளர் மூன்று தடவை கேட்டுவிட்டார். எனக்குக் கவிதை வராது. காதலைப் பற்றி எழுத அனுபவம் கிடையாது. "நாளைய பாரதம் இளைஞர் கையில்" என்று எழுத நம் வகுப்பிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அதை எழுதுகிறேன். நடையில் பிழை இருந்தால் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். என் அக்கா மகள். வயது ஆறு. வீட்டில் எல்லோருக்கும் அவள் 'பாப்பா'. அவளுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். கண் தெரியாதவரிடம் பேசிப் புரியவைக்கலாம். காது கேட்காதவரிடம் சைகை காட்டலாம். இரண்டும் இல்லாத பிள்ளையிடம் "இது சோறு", "இது தண்ணி", "நான்தான் உன் மாமா" என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியோடுதான் நான் மூன்று வருஷமாகப் பாலிடெக்னிக்குக்கு பஸ் ஏறி வந்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டை. அப்பா சுமை தூக்கும் தொழிலாளி, கைநாட்டு. அம்மா தார் சுற்றுகிறாள். அக்கா எட்டாவதோடு நின்றாள். இரண்டு பேரைப் படிக்கவைக்க முடியாது, பையனாவது படிக்கட்டும் என்று அவளை நிறுத்தினார்கள். ஆக எங்கள் வம்சத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் கரண்டு பில்லிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் வீட்டுக்கு வரும் எல்லாக் காகிதமும் "படிச்ச பையன் பாக்கட்டும்" என்று என் கைக்குத்தான் வரும்.

அப்படி என் கைக்கு வந்த காகிதங்களில் ஒன்றில்தான் 'ரூபெல்லா' என்ற வார்த்தையைப் பார்த்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அக்காவுக்கு மூன்றாம் மாதம் இருக்கும்போது லேசாகக் காய்ச்சல் வந்து, உடம்பெல்லாம் சின்னச் சின்னதாகச் சிவப்புப் பொரி கிளம்பியது. "அம்மை பாத்திருக்கு, ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகக் கூடாது" என்று அப்பத்தா சொல்லிவிட்டது. வேப்பிலையில் படுக்கவைத்தார்கள். மூன்றே நாளில் இறங்கிவிட்டது. எல்லோரும் மறந்துவிட்டோம். 2019-ல் பாப்பா பிறந்தாள். கருவிழி நடுவில் வெள்ளையாக இருந்தது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண்புரை எடுத்தும் வெளிச்சம், இருட்டு என்ற அளவுக்குத்தான் பார்வை வந்தது. காதைச் சோதித்தபோது அதுவும் இல்லை என்றார்கள். காதுக்குள் வைக்கும் கருவியைப் பற்றியும் கேட்டோம். நரம்பே சரியாக வளரவில்லை, பயன் இருக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாய்க்கு இந்த ரூபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றையும் தாக்கும். இதை முதலில் கண்டு சொன்னவர் நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் டாக்டர், வருஷம் 1941. இதற்குத் தடுப்பூசி உண்டு. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வந்து போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? நம்மில் பாதிப்பேர் கையில் வாங்கியிருப்போம். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஊசிக்குப் பயந்து கக்கூஸ் சுவருக்குப் பின்னால் ஒளிந்தேன். டீச்சர் காதைப் பிடித்து இழுத்து வந்து போடவைத்தார். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு என்று கணக்கு. அக்காவுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. நான் ஓடி ஒளிந்த ஊசி அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

* * *

பாப்பாவுக்கு நான் தாய்மாமன். காது குத்தும்போது என் மடியில்தான் உட்காரவைத்தார்கள். "காது கேக்காத புள்ளைக்குக் காது குத்து ஒண்ணுதான் கேடா" என்று பந்தலில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அக்கா காதிலும் விழுந்திருக்கும். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் நான் இன்றைக்கும் நினைத்து வருத்தப்படுவது வேறு. மற்றப் பிள்ளைகளுக்கு ஆசாரி வருவது தெரியும், மேளச் சத்தம் கேட்கும், அம்மா முகத்தைப் பார்த்து "ஏதோ நடக்கப்போகுது" என்று புரியும். பாப்பாவுக்கு ஒன்றுமே தெரியாது. சும்மா உட்கார்ந்திருந்தவளைத் தூக்கினார்கள், மொட்டை அடித்த தலையைப் பிடித்தார்கள், திடீரென்று காதில் நெருப்பு! அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அவள் என் மடிக்கு வரவே இல்லை. என் வாசனை பட்டாலே கையைக் காலை உதைப்பாள். "மாமனைப் பிடிக்கலை" என்று வீட்டில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யாராவது தொட்டால் கடிப்பாள். சோறு ஊட்டப்போனால் தட்டிவிடுவாள். சாயங்காலம் ஆனால் கை முஷ்டியால் தரையை ஓங்கி ஓங்கிக் குத்துவாள். "பிடிவாதம்" என்றார்கள். "புத்தியும் இல்லை" என்றார்கள். ஒரு அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு எழுதிக்கொடுத்தபோது 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை சொல்லியிருக்கிறது. அதில் பல்வகைக் குறைபாடு என்ற வகையிலேயே 'செவித்திறனும் பார்வையும் இல்லாமை' என்று தனியாகவே வருகிறது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மூன்று தடவை நடந்தேன். மூன்றாவது தடவை மாற்றிக் கொடுத்தார்கள். படித்ததால் நான் வீட்டுக்குச் செய்த முதல் உபகாரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

* * *

ஹெலன் கெல்லர் கதை நமக்கெல்லாம் தெரியும். நான் முதலாமாண்டில் நூலகத்தில் தேடிப்பிடித்து முழுவதும் படித்தேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலம், டஸ்கம்பியா என்ற சிற்றூர். 1880-ல் பிறந்த ஹெலனுக்குப் பத்தொன்பதாவது மாதத்தில் ஒரு காய்ச்சல் வந்து கண்ணும் காதும் போயின. ஏழு வயது ஆகப்போகும் நேரத்தில், 1887 மார்ச் 3-ந் தேதி, ஆன் சல்லிவன் என்ற டீச்சர் வந்து சேர்ந்தார். அந்த டீச்சருக்கு வயது என்ன தெரியுமா? இருபது! நம்மைவிட இரண்டு வயதுதான் கூட. அவருடைய அப்பாவும் எழுதப் படிக்கத் தெரியாத கூலி. ஏழைகள் விடுதியில் கிடந்தவர். போஸ்டனில் இருந்த பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளிக்கு 1880-ல் பதினாலு வயதில் போய்ச் சேர்ந்தபோது தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதாம். அவருக்கே கண்ணில் கோளாறு. ஆறே வருஷத்தில் முதல் மாணவியாக வெளியே வந்தார். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட தெம்பு கொஞ்சநஞ்சம் இல்லை. "நம்ம வீட்டு ஆளு மாதிரிதான் இருக்கு" என்று தோன்றியது.

ஏப்ரல் 5-ந் தேதி, தண்ணீர் பம்படியில் ஹெலனின் ஒரு கையில் தண்ணீரை விட்டு, இன்னொரு கையில் 'வாட்டர்' என்று விரலால் எழுத்துக்கூட்டினார் டீச்சர். ஹெலனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்று புரிந்தது. அன்றைக்கே ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பெயர் கேட்டாள்.

ஆஹா, இதுதான் வழி என்று நான் முடிவு கட்டினேன். எங்கள் தெருமுனையில் அடிபம்பு இருக்கிறது. தினமும் காலையில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு கையைத் தண்ணீரில் பிடிப்பேன். இன்னொரு உள்ளங்கையில் 'த' என்று எழுதுவேன். பதினோரு நாள்! அவள் அழுதாள், உதைத்தாள், என் தோளில் கடித்தாள். தழும்பு இன்னும் இருக்கிறது. தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் எல்லாம் குடத்தை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பன்னிரண்டாவது நாள் அக்கா வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, "போதும்டா தம்பி, உன் படிப்பெல்லாம் காலேஜோட வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

* * *

வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு ஒரு சிறப்பாசிரியர் வர ஆரம்பித்தார். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்காகவே 2005-லிருந்து ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கே பயிற்சி எடுத்தவர். அவரிடம் என் பம்படிக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "ஹெலன் கெல்லர் புத்தகத்துல பாதியைத்தான்யா படிச்சிருக்கே" என்றார்.

டீச்சர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். ஹெலன் பத்தொன்பது மாதம் பார்த்தவள், கேட்டவள். தண்ணீருக்கு 'வா... வா...' என்று மழலையில் ஒரு சொல்கூட அவளிடம் மிச்சம் இருந்தது. அது மட்டும் இல்லை. ஆன் சல்லிவன் வருவதற்கு முன்னாலேயே ஹெலன் தானாகப் பல சைகைகளை உண்டாக்கி வைத்திருந்தாள். 'வா' என்றால் இழுப்பாள், 'போ' என்றால் தள்ளுவாள். ரொட்டி வேண்டும் என்றால் நறுக்கி வெண்ணெய் தடவுகிற மாதிரி செய்வாள். ஐஸ்கிரீம் என்றால் குளிரில் நடுங்குகிற மாதிரி காட்டுவாள். சமையற்காரம்மா மகள் மார்த்தா என்ற சிறுமிக்கு அதெல்லாம் புரியும். ஆக, பம்படிக்கு வரும்போதே அந்தப் பிள்ளை பேசிக்கொண்டிருந்த பிள்ளை. பதில் சொல்லவும் ஓர் ஆள் இருந்தாள்.

பிறவியிலேயே பார்த்தும் கேட்டும் அறியாத பிள்ளைக்கு எழுத்தில் ஆரம்பித்தால் என்ன புரியும்? அமெரிக்காவில் 1964, 65-ல் ரூபெல்லா பெரிய அளவில் பரவி, அதனால் பாதிக்கப்பட்டு மட்டும் சுமார் 20,000 குழந்தைகள் பிறந்தார்களாம். அந்தக் காலத்தில் நெதர்லாந்தில் யான் வான் டைக் என்ற ஆசிரியர் இந்த மாதிரிப் பிள்ளைகளோடு வேலை செய்து ஒரு முறையைக் கண்டுபிடித்தார். முதலில் பிள்ளையோடு சேர்ந்து அசை, அது ஆடினால் நீயும் ஆடு, நீ நிறுத்து, அது என்ன செய்கிறது என்று பார். அதுதான் முதல் பேச்சு.

அப்புறம் டீச்சர் எங்களுக்கு மூன்று சட்டம் போட்டார்.

ஒன்று: சொல்லாமல் தொடாதே. பக்கத்தில் வந்ததும் முதலில் தோளில் கை வை. பிறகு நீ யார் என்று காட்டு. அக்காவுக்கு வளையல், மச்சானுக்கு மீசை, அப்பத்தாவுக்குப் பாம்படம், எனக்கு மணிக்கட்டில் கட்டிய கயிறு. அதை அவள் தொட்டுப் பார்த்த பிறகுதான் தூக்க வேண்டும்.

இரண்டு: அவள் கையை மேலே இருந்து பிடித்து இழுக்காதே. உன் கையை அவள் கைக்கு அடியில் வை. அவள் கைதான் அவளுக்குக் கண். "உன் கண்ணை ஒருத்தன் பிடிச்சு இங்கிட்டும் அங்கிட்டும் திருப்புனா விடுவியா?" என்று கேட்டார். பம்படியில் நான் பதினோரு நாள் செய்தது அதைத்தான்.

மூன்று: காத்திரு. ஒன்றைச் செய்துவிட்டுப் பத்து வரை எண்ணு. அவள் பதில் சொல்ல நேரம் கொடு.

மூன்றாவதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. வேலை செய்கிற வீட்டில் பத்து எண்ண யாருக்கு நேரம்?

* * *

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி எட்டு விசைத்தறி ஓடுகிற தறிக்கூடம். மச்சானுக்கு அங்கேதான் வேலை. அக்காவும் மச்சானும் எங்களோடு ஒரே காம்பவுண்டில்தான் இருக்கிறார்கள். தறிச் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது, இருப்பதே தெரியாது. பாப்பா எப்போதும் அந்தப் பின்சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் உட்காருவாள். ஏன் என்று யாரும் யோசித்ததில்லை.

இரண்டாமாண்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் ஹவுஸ் வயரிங் படம் போட்டுக்கொண்டிருந்தேன். கரண்டு போய்விட்டது. அடுத்த நொடியில் பாப்பா முஷ்டியை மடக்கித் தரையில் தட்டினாள். டப், டப். இரண்டு தட்டு. பிறகு முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண் இல்லை, காது இல்லை, கரண்டு போனது இவளுக்கு எப்படித் தெரிந்தது? ஃபேன் நின்றதால் இருக்குமோ? சரி, பார்ப்போம் என்று காத்திருந்தேன். கரண்டு வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பகல் ஷிப்டு முடிந்து தறி நின்றது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டப், டப்! ஆக ஃபேன் இல்லை. தறி! சுவர் வழியாக வந்த அதிர்வு நின்றதும் தட்டுகிறாள். இரண்டு மூன்று நிமிஷத்தில் மச்சான் உள்ளே வந்தார். மீசையைத் தடவிப் பார்த்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

லேபில் ரீடிங் எடுக்கிற மாதிரி ஒரு வாரம் நோட்டில் குறித்தேன். ஏழு நாளில் தறி ஒன்பது தடவை நின்றது. எட்டுத் தடவை தட்டினாள். ஒன்பதாவது தடவை தூங்கிக்கொண்டிருந்தாள்.

நண்பர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த இரண்டு தட்டுக்கு அர்த்தம் 'அப்பா'! "தறி நின்னுருச்சு, அப்பா வருவாரு" என்று எத்தனை காலமாகவோ அவள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். கரண்டு போய் நின்ற நாளில் அப்பா வரமாட்டார், தறிக்கூடத்திலேயே காத்திருப்பார். அது அவளுக்கு எப்படித் தெரியும்? வரவில்லையே என்று மறுபடியும் தட்டுவாள், ஓங்கிக் குத்துவாள், கடைசியில் கிட்டே வந்தவரைக் கடிப்பாள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் பிடிவாதம்.

இதைவிடக் கேவலமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலாமாண்டு செமஸ்டர் பரீட்சைக்கு நான் படித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அவள் தட்டுகிற சத்தம் தாங்காமல் ஒரு துண்டை எடுத்து அவள் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். இறுக்கமாக இல்லை, ஆனால் கட்டினேன். கொஞ்ச நேரம் திமிறிவிட்டு அமைதியாகிவிட்டாள். "அப்பாடா" என்று நான் படித்தேன். அந்தப் பேப்பரில் எனக்கு 78 மார்க். வீட்டில் கேசரி கிண்டினார்கள். நான் அன்றைக்கு ஒரு பிள்ளையின் வாயைக் கட்டியிருக்கிறேன் என்பது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. இதை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த மலரைத்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

குறித்து முடித்த அந்த வாரக் கடைசியில், சாயங்காலம் தறி நின்றதும் நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தோளில் கை வைத்தேன். என் மணிக்கட்டுக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். டப், டப் என்று தட்டினாள். நான் என் கையை அவள் கைக்கு அடியில் வைத்து, அவள் கை என் கைமேலேயே இருக்க, தரையில் தட்டினேன். டப், டப்.

அவள் அப்படியே நின்றுபோனாள். மூச்சுகூட விடவில்லை என்று தோன்றியது. நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு... ஏழு வரும்போது அவள் தட்டினாள். நான் தட்டினேன். மறுபடி அவள். மறுபடி நான். பிறகு என் கையை அவளாகவே பிடித்துத் தரையில் வைத்து அழுத்தினாள். 'நீ தட்டு' என்கிறாள்! பதினோரு தடவை மாறி மாறித் தட்டினோம். அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு அக்கா வந்து நின்றாள்.

"என்னடா பண்றீங்க ரெண்டு பேரும்?"

"பேசிக்கிட்டு இருக்கோம்க்கா."

விஷயத்தைச் சொன்னேன். அக்கா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இத்தனை நாளா எம்புள்ள பேசலை பேசலைன்னு கோயில் கோயிலா அழுதேனேடா... அது பேசிக்கிட்டேதான் இருந்திருக்கு" என்றாள்.

அன்றைக்கு மச்சான் வந்ததும் வாசலிலேயே நிறுத்திவைத்து, "உள்ள வந்து முதல்ல தரையில ரெண்டு தட்டு தட்டு மச்சான், அப்புறமாத் தூக்கு" என்றேன். அவர் எட்டுத் தறியை ஒரே ஆளாகப் பார்க்கிற மனிதர். கை நடுங்கியது.

* * *

நாம் எல்லோரும் இந்தச் சோதனை செய்திருக்கிறோம். ஒரு பல்பு எரியவில்லை. டெஸ்டரை வைத்தால் வெளிச்சம் வருகிறது, ஃபேஸ் வந்திருக்கிறது. ஆனாலும் பல்பு எரியாது. எங்கேயோ நியூட்ரல் விட்டுப்போயிருக்கும். கரண்டு போக மட்டும் வழி இருந்தால் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும். பம்படியில் நான் செய்தது ஃபேஸ் மட்டும் கொடுத்த வேலை. 'த' எழுதினேன், எழுதினேன், எழுதிக்கொண்டே இருந்தேன். அவள் பக்கத்திலிருந்து வந்ததை வாங்க எங்களிடம் ஒரு ஒயரும் இல்லை.

அதற்குப் பிறகு வேலை மெதுவாக, ஆனால் ஒழுங்காக நடக்கிறது. நம் ஒர்க்‌ஷாப் சாரிடம் கேட்டு மிச்சப் பிளைவுட் வாங்கி ஐந்து அறை வைத்து ஒரு பெட்டி செய்தேன். வான் டைக் முறையில் இது முக்கியமான சாமான். நாங்கள் அதை 'நாள்பெட்டி' என்கிறோம். இடமிருந்து வலமாக அன்றைக்கு நடக்கப்போவது ஒவ்வொரு அறையிலும் ஒரு பொருளாக இருக்கும். குளிக்கத் துண்டுத் துணி, சாப்பிடக் கரண்டி, தூளி ஆடக் கயிற்றுத் துண்டு, வெளியே போகச் செருப்பு, அப்பா வரத் தார்க்குச்சி. ஒன்று முடிந்ததும் அந்தப் பொருளைப் பக்கத்தில் உள்ள கூடையில் போட்டுவிட வேண்டும். முடிந்தது என்று அர்த்தம். காது குத்தினோமே, அந்த மாதிரி 'திடீர்' என்பது அவள் வாழ்க்கையில் இனி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பெட்டி.

தூளியை ஆட்டிவிட்டு நிறுத்துவேன். பத்து எண்ணுவேன். முதலில் காலை உதைத்தாள். அதை 'இன்னும்' என்று எடுத்துக்கொண்டு ஆட்டினேன். இப்போது என் கையை இரண்டு தடவை தட்டிக் கேட்கிறாள். கரண்டு போய்த் தறி நின்றால் அவள் உள்ளங்கையை என் கையால் மூடி அழுத்துவேன்: 'அப்பா இப்ப இல்லை, பொறு.' இதைப் புரிந்துகொள்ள நாலு மாதம் ஆனது. கடி பெரும்பாலும் நின்றுவிட்டது. இன்றைய கணக்குக்கு அவளிடம் பதினாலு சைகை இருக்கிறது. அதில் ஐந்து நாங்கள் கொடுத்தது. ஒன்பது அவளே வைத்திருந்தது, நாங்கள் கண்டுபிடித்தது.

"உன் அக்கா மகள் ஹெலன் கெல்லர் மாதிரி ஆவாளா?" என்று நம் வகுப்பு நண்பர்களே கேட்டிருக்கிறீர்கள். ஹெலன் 1904-ல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பாப்பா பட்டம் வாங்குவாளா, எனக்குத் தெரியாது. போன வாரம் நாள்பெட்டியில் செருப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டாள். வெளியே போகவே இல்லை, அதற்குள் முடிந்தது என்கிறாள்! "போகமாட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். ஆறு வயதில் முதல் தடவையாகக் கடிக்காமல், அழாமல் 'வேண்டாம்' என்று சொன்னாள். அக்கா அன்றைக்கு அவளை வெளியே தூக்கிப்போகவில்லை. எங்கள் வீட்டில் அதுதான் பட்டமளிப்பு விழா.

எட்டாவது படித்த என் அக்காதான் இப்போது அவளுடைய முழுநேர டீச்சர். புதுச் சைகை எது வந்தாலும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுகிறாள். எழுத்துப் பிழை இருக்கும். நான் திருத்துவதில்லை.

நண்பர்களே! உங்களிடம் இரண்டே விஷயம் கேட்கிறேன். உங்கள் வீட்டில், தெருவில் கைக்குழந்தை இருந்தால் ஒன்பதாவது மாதத்தில் ஒன்று, பதினாறிலிருந்து இருபத்திநாலு மாதத்துக்குள் இன்னொன்று என்று தட்டம்மை - ரூபெல்லா ஊசி போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். கல்யாணத்துக்கு இருக்கிற அக்கா, தங்கை ஊசி போடாமல் விட்டிருந்தால், கர்ப்பம் ஆவதற்கு முன்னாலேயே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். கர்ப்பம் ஆன பிறகு அந்த ஊசி போடக் கூடாது. "நமக்கு எதுக்கு இந்தப் பேச்சு" என்று கூச்சப்படாதீர்கள். கூச்சப்பட்டதன் விலை எங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, உங்கள் ஊரில் எங்காவது ஒரு பிள்ளையைத் 'ஒண்ணும் தெரியாது' என்று மூலையில் உட்காரவைத்திருந்தால், ஒரு பத்து எண்ணுகிற நேரம் அதன் பக்கத்தில் உட்காருங்கள். அது என்ன செய்கிறது என்று பாருங்கள். அதையே நீங்களும் செய்யுங்கள்.

இதை எழுதி முடிக்கும்போது மணி ஆறாகப்போகிறது. தறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் பேனாவை மூடிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்காரப்போகிறேன்.

— மூன்றாமாண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை